எந்தப் பக்கத்துச் சீனி இது?

கடிதம் வெள்ளவத்தையிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 30 வயது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. முதற் பிள்ளை வயிற்றில், இப்போது 28 வாரம். கர்ப்பத்துக்கு முன் நிறை 51 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். 26ஆவது வாரத்தில் கிளினிக்கில் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் செய்த பரிசோதனையில் இரத்தச் சீனி (மி.கி./டெ.லீ. அளவில்) வெறும் வயிற்றில் 97, ஒரு மணித்தியாலத்தில் 186, இரண்டு மணித்தியாலத்தில் 149 என்று வந்திருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு என்று சொல்லி, இரண்டு வாரம் சாப்பாட்டைக் கவனித்து வீட்டில் அளந்து வரச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் எண்கள் இறங்கிவிட்டன. காலையில் எழும்பியதும் பார்க்கும் எண் மட்டும் 98க்கும் 106க்கும் இடையில் நிற்கிறது. இரவில் இன்சுலின் ஊசி தொடங்க வேண்டும் என்கிறார் அவருடைய வைத்தியர்.

ஊசி மருந்து குளிர்ப்பெட்டியில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை. அவருடைய அம்மாவுக்கு 42 வயதில் நீரிழிவு வந்தது. குளிசையில் தொடங்கி இன்சுலினுக்குப் போய், கண்ணுக்கு லேசர் சிகிச்சையும் செய்தாயிற்று. ஆகவே "இன்சுலினில் ஏறினவர் இறங்கமாட்டார்" என்பது வீட்டில் எல்லோருடைய நம்பிக்கை. மாமி ஒருபடி மேலே போய், "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் சீனி இல்லை, இது மச்சாளின்ர உடம்பில இருந்து வந்தது" என்கிறார். மச்சாள் என்று அவர் சொல்வது வாசகியின் அம்மாவை. ஏனென்றால் கணவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணனின் மகன். சொந்தத்தில் கலியாணம் செய்ததால்தான் இப்படி ஆனதோ என்றும் இவருக்குப் பயம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். ஊசிக்குப் பதில் குளிசை எடுக்கலாமா, பிள்ளைக்கும் நீரிழிவு வருமா, சுகப் பிரசவம் ஆகுமா என்று கேள்விகள் நீள்கின்றன. நடுவில் ஒரு தகவல்: காலை எண்ணைக் குறைப்பதற்காக மாலை 6 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடுவதில்லை, இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ நிறை இறங்கிவிட்டது. கடைசியில் இன்னொன்று: "நான் 95 இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் பிறந்தேன். பிறந்த நிறை 2.1 கிலோ. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை, சும்மா எழுதினேன்."

சகோதரி, தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவசரமான இரண்டு விடயங்கள். இன்று இரவே இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குங்கள். ஊசியையும் உங்கள் வைத்தியர் சொன்ன அளவில் இந்த வாரமே தொடங்குங்கள். காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காரணம் விளங்கினால்தான் கையும் ஊசிக்குப் போகும்.

உங்கள் எண்களைப் பார்ப்போம். 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153 என்பவை எல்லைகள். மூன்றில் ஒன்று எல்லையைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறோம்; உங்களுக்கு முதல் இரண்டும் தாண்டியிருக்கின்றன. இந்த எல்லைகள் 2008இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தவை. ஒன்பது நாடுகளில் 23,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். தாயின் சீனி கூடக் கூட, பிள்ளை பெருப்பதும் பிள்ளையின் இரத்தத்தில் இன்சுலின் கூடுவதும் படிப்படியாக ஏறிக்கொண்டே போயின. "இதற்குக் கீழே ஆபத்தே இல்லை" என்று கோடு போட ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆகவே 97 என்பது பதறவேண்டிய எண்ணும் இல்லை, "கொஞ்சம்தானே கூட" என்று விட்டுவிடக்கூடிய எண்ணும் இல்லை.

எதிர்ப்பு எல்லாத் தாய்மாருக்கும் வரும்

"மெலிந்த எனக்கு ஏன்?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேளாமை, என்பது கொழுத்தவருக்கும் அளவில்லாமல் சாப்பிடுபவருக்கும் மட்டும் வருவது என்று. கர்ப்பத்தில் அது ஒவ்வொரு பெண்ணுக்கும் வருகிறது, வரவும் வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் தாயின் உடல் இன்சுலினுக்குக் காட்டும் இணக்கம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். செய்வது நச்சுக்கொடி. அது சுரக்கும் லக்டோஜன் என்ற ஹோர்மோன், அதோடு நச்சுக்கொடிக்கே உரிய ஒரு வளர்ச்சி ஹோர்மோன், புரோஜெஸ்டரோன், இவற்றோடு கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் எல்லாம் சேர்ந்து தாயின் தசைக் கலங்களுக்குள் இன்சுலினின் கட்டளை இறங்கும் வழியை மந்தமாக்குகின்றன. வழமையாக இன்சுலின் வந்து தொட்டதும் தசைக் கலம் குளுட்-4 என்ற புரதத்தை மேற்பரப்புக்கு அனுப்பிக் குளுக்கோஸை உள்ளே இழுக்கும். கர்ப்பத்தில் அது சோம்பலாக நடக்கிறது. தாயின் தசை எடுக்காத குளுக்கோஸ் இரத்தத்தில் நின்று நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளைக்கு உணவு ஒதுக்கும் ஏற்பாடு இது.

அதற்கு ஈடாகத் தாயின் கணையம் இரண்டு, இரண்டரை மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டும். கலியாண வீட்டில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஆட்கள் பந்திக்கு வந்துவிட்டதைப்போல: மூன்று அடுப்பு இருக்கிற வீடு சமாளித்துவிடும், ஒரு அடுப்பு வீட்டில் சோறு பிந்தும். உங்கள் கணையத்துக்கு இருக்கும் அடுப்பு எத்தனை என்பதுதான் கேள்வி. நிறை இயந்திரம் அதைக் காட்டாது.

நம்மவர்களின் உடலமைப்பும் இதில் சேர்கிறது. ஒரே உயரமும் நிறையும் உள்ள ஐரோப்பியப் பெண்ணைவிடத் தெற்காசியப் பெண்ணுக்குத் தசை குறைவு, கொழுப்புக் கூட, அதுவும் வயிற்றுக்குள். பூனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக் அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார். பூனேக் குழந்தைகள் எடையில் மிகச் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை, தசைதான் குறைந்திருந்தது. பிறக்கும்போதே அப்படி. ஒஸ்லோவின் குரூருடாலன் பகுதியில் 823 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றும் உண்டு. அதில் சேர்ந்த தெற்காசியப் பெண்களில் பெரும்பாலானோர் பாகிஸ்தான், இலங்கை வம்சாவளியினர்; இலங்கையர் என்றால் அங்கே பெரும்பாலும் நம்முடைய ஆட்கள்தான். இவர்களிடம் கர்ப்பத்தின் முற்பகுதியிலேயே இன்சுலின் எதிர்ப்புக் கூடுதலாக இருந்தது. வாரங்கள் போகப்போகக் கணையம் தன் வேலையைக் கூட்டிய அளவோ ஐரோப்பியப் பெண்களைவிடக் குறைவு. குளிர் நாட்டுக்குப் போயும், வேறு சாப்பாடு சாப்பிட்டும், இந்த இரண்டும் மாறவில்லை.

மரபணுவும் மாமியின் கணக்கும்

ஆக, பரம்பரை உண்டா? உண்டு. ஆனால் "நீரிழிவு மரபணு" என்று ஒன்று இருந்து அது அம்மாவிடமிருந்து உங்களுக்கு அப்படியே இறங்கவில்லை. நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகள் சேர்ந்து செய்யும் வேலை இது. அவற்றில் மிகப் பலமானது என்று பேர்போன டி.சி.எஃப்.7.எல்.2 மரபணுவின் மாறுபாடுகூட, ஒரு பிரதி இருந்தால், இரண்டாம் வகை நீரிழிவுக்கான வாய்ப்பைச் சுமார் 1.4 மடங்குதான் கூட்டுகிறது. 2012இல் கொரியப் பெண்களிடம் செய்த ஆய்வில் கர்ப்பகால நீரிழிவோடு இரண்டு மரபணுக்கள் தெளிவாகச் சேர்ந்து நின்றன: சி.டி.கே.ஏ.எல்.1, எம்.டி.என்.ஆர்.1.பி. இரண்டாவது, இரவில் சுரக்கும் மெலடோனின் ஹோர்மோனை ஏற்கும் வாங்கியை உருவாக்குவது; காலை வெறுவயிற்று எண்ணைத் தூக்கும் பழக்கம் அதற்கு உண்டு. 2024இல் பின்லாந்திலிருந்து வந்த, 12,000க்கு மேற்பட்ட கர்ப்பகால நீரிழிவுத் தாய்மாரைக் கொண்ட ஆய்வு மரபணுத் தொகுதியில் தொடர்புள்ள 13 இடங்களைக் காட்டியது. அவற்றில் சில இரண்டாம் வகை நீரிழிவோடு பொதுவானவை, சில கர்ப்பத்துக்கே உரியவை.

கவனிக்க வேண்டியது ஒன்று. இப்படி அகப்பட்ட மரபணுக்களில் பலமானவை பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரக்கும் திறனோடு தொடர்புள்ளவை. எதிர்ப்பை நச்சுக்கொடியும் உடற்கொழுப்பும் கொண்டுவருகின்றன. அதற்கு ஈடுகொடுக்கும் திறனுக்கு எல்லை போடுவதில் பரம்பரைக்குப் பங்கு அதிகம். உங்கள் அம்மாவிடமிருந்து ஏதாவது வந்திருந்தால், அந்த எல்லையில் ஒரு பகுதி வந்திருக்கும். அது அவருடைய பிழையோ உங்களுடைய பிழையோ அல்ல.

இனி மாமியின் கணக்கு. உங்கள் கணவர் உங்கள் அம்மாவின் அண்ணன் மகன் என்கிறீர்கள். அப்படியானால் கணவரின் அப்பாவும் உங்கள் அம்மாவும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள். "எங்கட பக்கம்", "உங்கட பக்கம்" என்று பிரிக்கப்போனால் கோடு மாமியின் வீட்டு நடுக்கூடத்துக்குள்ளேதான் விழும். போதாததற்கு நச்சுக்கொடி உருவாவது பிள்ளையின் மரபணுவிலிருந்து. அதில் பாதி உங்கள் கணவருடையது. எதிர்ப்பைக் கொண்டுவரும் ஹோர்மோன்களைச் சுரப்பதே அந்த நச்சுக்கொடிதான். இதை மாமியிடம் சொல்லி வாதத்தில் வெல்லச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள்: மாமா கடைசியாக இரத்தம் சோதித்தது எப்போது? "எங்கள் குடும்பத்தில் இல்லை" என்று என்னிடம் சொல்பவர்களில் பலர், பார்த்தே இராதவர்கள். மாமாவும் உங்கள் கணவரும் ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் போய் இரத்தம் கொடுக்கட்டும். உங்கள் பிள்ளையின் எதிர்காலத்துக்கு அந்த இரண்டு எண்களும் உதவும்.

சொந்தத்தில் கலியாணம் செய்தது காரணமா? இல்லை. நெருங்கிய உறவுத் திருமணத்தில் கூடுவது, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான பிரதி வந்தால் மட்டும் தோன்றும் அரிய நோய்களுக்கான வாய்ப்பு. அதுபற்றித் தனியாக ஆலோசனை பெறலாம். இன்று உங்கள் இரத்தத்தில் இருக்கும் சீனி உங்கள் உடம்புக்கும் நச்சுக்கொடிக்கும் இடையிலான விடயம். நீங்கள் யாரைக் கலியாணம் முடித்திருந்தாலும் உங்கள் கணையம் இதே கணையம்தான்.

தென்மராட்சியில் பிறந்த 2.1 கிலோ

இப்போது நீங்கள் சும்மா எழுதிய வரி. 1995 ஒக்டோபர் இறுதியில் போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து மக்கள் ஓர் இரவில் தென்மராட்சிக்கு நடந்ததை அறிந்தவர்களுக்கு, அந்த நாட்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி என்ன சாப்பிட்டிருப்பார் என்று விளக்கத் தேவையில்லை. அதற்கு முன்னரும் பொருளாதாரத் தடைக் காலம். வயிற்றில் போதிய உணவு கிடைக்காத சிசு மூளையைக் காப்பாற்றிக்கொள்ளும். தசையிலும் கணையத்திலும் சிக்கனம் பிடிக்கும். 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு பிரித்தானிய அறிஞர்கள் முன்வைத்த கருத்து இது. ஒல்லாந்தில் 1944–45 பட்டினிக் குளிர்காலத்தில் வயிற்றில் இருந்தவர்களை 50 வயதளவில் சோதித்தபோது, குளுக்கோஸ் குடித்த பின் அவர்களுடைய சீனி மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. குறைந்த நிறையில் பிறந்த பெண்களுக்குப் பின்னாளில் கர்ப்பகால நீரிழிவு வருவது அதிகம் என்பதும் பல நாடுகளில் கண்டதுதான்.

உங்கள் ஒருவருடைய சீனியில் எத்தனை பங்கு 1995இலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. ஆனால் மரபணுவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. உங்கள் வயதையொத்த வடக்குக் கிழக்குப் பெண்கள் கர்ப்பமாகும்போது, பிறந்த நிறையையும் கிளினிக்கில் கேட்டு எழுதவேண்டும் என்பது என்னுடைய நீண்ட நாள் அபிப்பிராயம். நீங்கள் அடுத்த முறை கேட்காமலே சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்ததா, சினைப்பை நீர்க்கட்டி என்று யாராவது சொன்னார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்து வருவது.

தம்பி அனுப்பப்போகும் பெட்டி

வேண்டாம் என்றே சொல்வேன். எச்சிலைத் துப்பி அனுப்பினால் வரும் அறிக்கை "உங்களுக்கு வாய்ப்புக் கூட" என்று சொல்லும். உங்கள் அம்மாவின் கண் லேசர் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. சிகிச்சையில் ஒரு துளியும் மாறாது. அந்த அறிக்கைகளின் அடிப்படை பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவு என்பது ஒரு குறை. அனுப்பிய மரபணுத் தகவல் யாருடைய கையில் போய் நிற்கும் என்பது இன்னொன்று. அந்த வியாபாரத்தில் பெரியதொரு அமெரிக்க நிறுவனம் 2025இல் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தபோது வாடிக்கையாளர் பலர் தங்கள் தரவை அழிக்க ஓடினார்கள். தம்பி அந்தக் காசுக்கு குளுக்கோமீற்றர் பட்டிகள் வாங்கி அனுப்பட்டும்.

மரபணுப் பரிசோதனை உண்மையில் வேலை செய்யும் ஓரிடமும் உண்டு. குளுக்கோகைனேஸ் என்ற ஒரே ஒரு மரபணுவின் மாற்றத்தால் சிலருக்குப் பிறந்ததிலிருந்தே வெறுவயிற்றுச் சீனி 100க்கும் 145க்கும் இடையில் நிலையாக நிற்கும். பாதிப்பு எதுவும் வராது, மருந்தும் பெரும்பாலும் தேவையில்லை. கர்ப்பத்தில் அதைக் கண்டுபிடிப்பது முக்கியம்: பிள்ளைக்கும் அதே மாற்றம் வந்திருந்தால், தாயின் சீனியை வலிந்து இறக்குவது பிள்ளையின் வளர்ச்சியைக் குறைக்கலாம். மெலிந்த தாய், கர்ப்பத்துக்கு முன்னரே வெறுவயிற்றில் சற்றுக் கூடிய சீனி, பெற்றோரில் ஒருவருக்கும் வருடக்கணக்காக ஏறாமல் இறங்காமல் நிற்கும் மெல்லிய சீனி என்றால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். உங்கள் அம்மாவின் நோய் வளர்ந்து இன்சுலின் வரை போய்க் கண்ணையும் தொட்டிருப்பதால் உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தவில்லை. கர்ப்பத்துக்கு முந்தைய இரத்த அறிக்கை ஏதாவது, வேலையில் சேரும்போது எடுத்ததாக இருந்தாலும், கையில் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரவு ஊசி எதற்கு, குளிசை ஏன் போதாது

உங்களை ஏமாற்றுவது காலை எண். இரவு சாப்பிடாவிட்டால் காலையில் குறையும் என்று நினைத்தீர்கள். காலைச் சீனி நேற்றைய சோற்றிலிருந்து வருவதில்லை. நீங்கள் தூங்கும்போது ஈரல் குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடுகிறது. அதை அடக்குவது இன்சுலின். எதிர்ப்பு இருக்கும்போது ஈரல் அடங்குவதில்லை. விடியப்புறம் கோர்ட்டிசோல் வேறு ஏறும். 6 மணியோடு வாயைக் கட்டினால் 12 மணித்தியாலப் பட்டினி. ஈரல் இன்னும் முனைந்து வேலை செய்யும். கர்ப்பிணியின் உடல் மற்றவர்களைவிட விரைவாகப் பட்டினி நிலைக்குப் போய் கொழுப்பை எரித்துக் கீற்றோன் என்ற அமிலப் பொருள்களை உண்டாக்கும். 28ஆவது வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கியது எனக்குச் சீனியைவிடக் கவலை தருகிறது. சிறுநீரில் கீற்றோன் பார்க்கச் சொல்லி அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

சாப்பாட்டால் இறங்கும் எண்களை நீங்கள் இறக்கிவிட்டீர்கள். இறங்காதது ஈரலின் எண். படுக்கும்போது போடும் நீண்டநேர இன்சுலின் அதற்குத்தான். வெறுவயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் கீழே, இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழே என்பவை இலக்குகள்.

இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போவதில்லை. தாண்டுவது குளுக்கோஸ். உங்கள் கூடுதல் குளுக்கோஸ் உள்ளே போனால் பிள்ளையின் சிறு கணையம் தன் பங்குக்கு இன்சுலினைக் கொட்டும். அதனால் பிள்ளை கொழுக்கும், பிறந்து கொடி அறுந்ததும் அதன் சீனி சடுதியாக விழும். டென்மார்க் வைத்தியர் பெடர்சன் 1950களில் சொன்ன விளக்கம் இன்றுவரை நிற்கிறது. "ஊசி பிள்ளையைத் தாக்கும்" என்று பயந்து ஊசியைத் தவிர்ப்பவர், பிள்ளையைத் தொடாத மருந்தை விட்டுப் பிள்ளையைத் தொடும் சீனியை அனுமதிக்கிறார்.

மெட்போமின் குளிசை கெட்டதல்ல. நம் நாட்டிலும் கர்ப்பத்தில் கொடுக்கிறோம், உங்கள் வைத்தியர் அதைத் தந்தால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது நச்சுக்கொடியைத் தாண்டும். 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் மெட்போமின் தொடங்கிய தாய்மாரில் 46 வீதத்தினருக்குப் பிறகு இன்சுலினும் சேர்க்க வேண்டியிருந்தது. நிறை இறங்கிக்கொண்டிருக்கும் மெலிந்த ஒருவருக்கு, பசியைக் குறைத்து வயிற்றைக் குழப்பும் குளிசையை முதலில் எழுத எனக்கு மனம் வராது.

"ஏறினவர் இறங்கமாட்டார்" என்பது உங்கள் அம்மாவின் கதையிலிருந்து வந்த பயம். அவருடைய கணையம் பல வருடங்களில் மெல்லத் தளர்ந்தது. உங்களுக்கு எதிர்ப்பைத் தருவது நச்சுக்கொடி. அது வெளியேறிய சில மணித்தியாலங்களிலேயே எதிர்ப்புச் சரிந்துவிடும். பெரும்பாலான தாய்மாருக்குப் பிரசவ அறையோடு ஊசி நின்றுவிடுகிறது. அதற்குமுன் 34, 36 வாரம்வரை அளவைக் கூட்டச் சொல்வார்கள். நோய் முற்றுகிறது என்று கலங்காதீர்கள், நச்சுக்கொடி வளர்கிறது, அவ்வளவுதான்.

மருந்தைக் குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வைக்கவே கூடாது. கொழும்பு வெக்கையில் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரிய வேண்டாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே அளவுங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். அரச வைத்தியசாலை கிளினிக்கில் இன்சுலின் இலவசம். பட்டிகளுக்குத்தான் காசு போகும்.

சாப்பாடு

நாளுக்கு 175 கிராம் மாச்சத்தாவது கர்ப்பிணிக்கு வேண்டும். சோற்றைத் துரத்த வேண்டாம், பிரித்து வையுங்கள். தட்டில் பாதி மரக்கறியும் வல்லாரைச் சம்பலும், கால்வாசி சிவப்பரிசிச் சோறு, கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு. காலையில்தான் எதிர்ப்பு அதிகம். வெள்ளை மா இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் சம்பலும் மட்டும் என்றால் எண் பறக்கும். அதே இடியப்பம் குரக்கன் மாவிலோ சிவப்பரிசி மாவிலோ நாலைந்து, கூடவே முட்டையோ கடலையோ என்றால் வேறு எண் வரும். குளுக்கோமீற்றர் உங்களுக்கே சொல்லும். படுக்கப் போகுமுன் சீனி போடாத பால் ஒரு கோப்பை, ஒரு பிடி கடலை.

நல்லதென்று எல்லோரும் கொடுக்கும் செவ்விளநீரில் சீனி இருக்கிறது; அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிக்காமல், ஒரு நேரச் சிற்றுணவாக எடுங்கள். நீரிழிவுக்கு நல்லதென்று சொல்லப்படும் தெபு இலையில் சம்பல் கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதைச் சாறு பிழிந்து ஊசிக்குப் பதிலாகக் குடிக்கச் சொல்பவரை நம்பாதீர்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10, 15 நிமிடம் நடவுங்கள். நடக்கும் தசை இன்சுலின் சொல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மாலையில் மரைன் டிரைவ் உங்களுக்குக் கிட்டத்தானே.

பிரசவமும் பிள்ளையும்

சுகப் பிரசவம் ஆகலாம். சீனி கட்டுப்பட்டு, ஸ்கானில் பிள்ளையின் நிறை அளவாக இருந்தால் சிசேரியனுக்குச் சீனி மட்டும் காரணமாகாது. இன்சுலின் எடுப்பவர்களுக்கு 39ஆவது வாரத்தை அண்டிப் பேறு நடத்தத் திட்டமிடுவது வழக்கம். 32 வாரத்திலேயே இதைக் கதைத்துவிடுங்கள். 2005இல் அவுஸ்திரேலியாவில் 1,000 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் பிள்ளைகளில் 1 வீதத்தினருக்கும் வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களின் பிள்ளைகளில் 4 வீதத்தினருக்கும் பிறப்போடு பாரதூரமான சிக்கல்கள் வந்தன. பிள்ளையின் அசைவு குறைந்தால், தலையிடி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிள்ளைக்கும் நீரிழிவு வருமா என்று கேட்டீர்கள். பிறக்கும்போதே வருவதில்லை. பிற்காலத்தில் வாய்ப்புக் கூட. ஆனால் அதில் உங்கள் கையில் இருக்கும் பங்கு பெரியது. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடி மக்களிடம் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள்: தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்தவர், வந்த பின் பிறந்தவர். பரம்பரை ஒன்றுதான்; இருந்தும் பின்னால் பிறந்தவர்களுக்கே நீரிழிவு பல மடங்கு கூடுதலாக வந்தது. வயிற்றுக்குள் இருந்த சீனிக்குத் தனிப் பங்கு உண்டு என்பதே அதன் பொருள். உங்கள் குடும்ப மரபணுவை மாற்ற முடியாது. அடுத்த 11, 12 வாரம் உங்கள் காலை எண் 104இல் நிற்கிறதா 90இல் நிற்கிறதா என்பதை மாற்றலாம்.

பிறந்த முதல் மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள்; பிள்ளையின் சீனி விழாமல் அது காக்கும், பின்னாளில் உங்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பையும் குறைக்கும். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் அதே குளுக்கோஸ் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பிள்ளையின் தடுப்பூசிக்கு ஓடும் அலுவலில் அநேகமானோர் இதை விட்டுவிடுகிறார்கள். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னர் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏறத்தாழ 10 மடங்கு. அமெரிக்காவில் நடந்த ஒரு தடுப்பு ஆய்வில், இப்படியான பெண்களில் உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்காகப் பிடித்தவர்களுக்கு அந்த வாய்ப்புப் பாதியளவு குறைந்தது. ஆகவே வருடத்துக்கொரு முறையும், அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும் முன்பும் சோதியுங்கள். பிறந்த பின் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம், பிரசவத்துக்குப் பின்னான பரிசோதனையின் திகதியை இப்போதே உங்கள் கர்ப்பிணி அட்டையில் எழுதிவைக்கச் சொல்லலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊசி போடுவது எப்படி என்று தாதி காட்டுவதை அவரும் பார்க்கட்டும். முதல் சில இரவுகள் உங்கள் கை நடுங்கினால் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான்.